நீள இழையும் நிறைந்த மகசூலும்: பருத்திக்குள் ஒரு புல வரைபடம்

திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் செல்லும் வழியில் உள்ள அணுபுரத்தில் பருத்தி வயலைத் தேடினால் கிடைப்பது அரிது. கல்பாக்கத்து அணுசக்தி நிலையங்களில் பணிபுரிவோரின் குடியிருப்பு அது. சுற்றிலும் உள்ள கிராமங்களில் நெல், நிலக்கடலை, தர்ப்பூசணி ஆகியவையே கண்ணில் படும். ஆயினும் பருத்தியின் கதையில் இந்தக் கடலோரத்துக்கு இரண்டு வகையில் தொடர்பு உண்டு. ஒன்று பழையது, மற்றொன்று நம் காலத்தது.

பழைய தொடர்பு சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தை அடுத்த அந்தச் சிற்றூரில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வாணிப நிலையம் வைத்தனர். அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கப்பலேறிய சரக்குகளில் பெயர் பெற்றது மெல்லிய மஸ்லின் துணி. அந்நாளில் நம் நாட்டில் விளைந்ததெல்லாம் குட்டை இழை கொண்ட நாட்டுப் பருத்திதான். கை விரலின் பக்குவம் இழையின் குறையை ஈடு செய்தது. இயந்திரத்துக்கு அந்தப் பக்குவம் கிடையாது. இழை நீளமாகவும் உறுதியாகவும் இருந்தால்தான் மெல்லிய நூலை அறாமல் இழுக்க அதனால் முடியும். ஆலைகள் வந்த நாள் முதல் பருத்தி இழையின் நீளமும் விவசாயியின் வருமானத்தில் ஒரு பங்காகிவிட்டது.

இரண்டாவது தொடர்பு கதிர்வீச்சு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உள்ள காமா கதிர்க் கருவியில் பயிர் விதைகளை வைத்து, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் புதிய குணங்களைத் தேடியதுண்டு. விதையின் மீது கதிரைச் செலுத்தினால் அதற்குள் இருக்கும் மரபணுக்களில் சில மாறும். பெரும்பாலும் மாற்றம் கெடுதலாகவே முடியும். எங்கோ ஒன்று நன்மையாக அமையும். தமிழ்நாட்டு விவசாயிகள் நன்கு அறிந்த எம்.சி.யு. 7 பருத்தி இப்படி வந்ததே. எல் 1143 என்னும் வளர்ப்பின் விதைக்கு எக்ஸ் கதிர் ஊட்டித் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் அது. 1970களின் தொடக்கத்தில் வெளியிடப்பட்டது. நான்கரை மாதத்தில் முடிந்துவிடுவதால், சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் போட ஏற்றதாக அமைந்தது. தஞ்சை, தென்னார்க்காடு விவசாயிகளுக்கு அது பேருதவியாக இருந்தது.

ஆனால் கதிர் ஊட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தோப்பில் கல் எறிவதைப் போன்றது. எந்தக் காய் விழும் என்று எறிபவருக்குத் தெரியாது. எந்த மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்து வேலை செய்வது வேறு வழி. அந்த வழிதான் மரபணு வரைபடம். பருத்தியில் அது யாருக்குப் பயன்படும், எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைச் சிறு விவசாயியும் அறிந்து வைத்திருப்பது நல்லது. ஏனெனில், இதுவரை நீள இழைப் பருத்தி போட்டவரின் கையைக் கடித்த சிக்கல் அந்த வரைபடத்துக்குள்தான் இருக்கிறது.

சுவின் சொல்லும் கதை

அந்தச் சிக்கலுக்குக் கோவையில் உருவான சுவின் ரகத்தை விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. எகிப்தியப் பருத்தியான கர்னாக்கிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சுஜாதா ரகம் 1969ல் வந்தது. அதனுடன் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் வின்சென்ட் பருத்தியை இணைத்து, டாக்டர் வி. சந்தானமும் அவருடைய குழுவினரும் 1974ல் சுவினை அளித்தனர். சுஜாதாவின் ‘சு’, வின்சென்ட்டின் ‘வின்’ இரண்டும் சேர்ந்து பெயராயிற்று.

சுவினின் இழை 37 மில்லிமீட்டருக்குக் குறையாது. நூறு, நூற்று இருபதாம் நம்பர் நூல் நூற்கலாம். நூறாம் நம்பர் என்றால் என்ன? ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் பஞ்சிலிருந்து 100 சிட்டம் நூல் வரும். சிட்டம் ஒன்றுக்கு 840 கஜம். ஆக மொத்தம் 84,000 கஜம், ஏறக்குறைய 77 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சை நூலாக்கி அணுபுரத்தில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை சென்னை வரை எட்டும்!

உலகின் மிகச் சிறந்த பருத்திகளோடு ஒன்றாக வைத்துப் பேசப்படும் இந்த ரகம் நம் மாநிலத்தில் பரவியிருக்க வேண்டும். சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் ஒரு காலத்தில் பரவவும் செய்தது. பிறகு சுருங்கிவிட்டது. காரணம் விவசாயிகளின் அறியாமை அல்ல. அவர்கள் கணக்குப் பார்த்தே விட்டார்கள். சுவின் ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தில் நிற்கும். அத்தனை நாளும் தண்ணீர் வேண்டும், பூச்சிக்குக் காவல் வேண்டும். காய் சிறியது, எடுப்புக் கூலி அதிகம். நூறு கிலோ பருத்தியை ஜின்னிங் செய்தால் கிடைக்கும் பஞ்சு 30 கிலோவுக்கும் குறைவு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. சாதாரணப் பருத்தியில் ஏக்கருக்கு 8 குவிண்டால் எடுப்பவருக்கு நீள இழை ரகத்தில் 5 குவிண்டால்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு இரண்டுக்கும் ஒன்று என்றாலும், விலை 1.6 மடங்கு இருந்தால்தான் வரவு சமமாகும். கூடுதல் நாளுக்கும் கூடுதல் கூலிக்கும் அதற்கு மேலும் வேண்டும். அந்த விலை ஒரு வருடம் கிடைக்கும், மறு வருடம் கிடைக்காது.

ஒரே வரப்பில் இரண்டு வயல்

இழை நன்றாக இருந்தால் மகசூல் ஏன் குறைய வேண்டும்? இது சுவினுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. உலகெங்கும் பருத்தி வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாக முட்டிக்கொண்ட சுவர் இது. மகசூலைக் கூட்டும் செடியைத் தேர்ந்தெடுத்தால் இழையின் வலிமை இறங்கும். வலிமையைத் தேடினால் மகசூல் இறங்கும்.

கிராம வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புல எண் வாரியாக வயல்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. நல்ல வண்டல் வயல் ஒன்றும், அதை ஒட்டிக் களர் வயல் ஒன்றும் ஒரே பத்திரத்தில் இருக்கின்றன. வண்டலை வாங்குபவர் களரையும் சேர்த்தே வாங்க வேண்டும். பருத்தியின் குரோமோசோமிலும் இதே நிலைதான். இழைக்கு வலிமை தரும் மரபணுவும், மகசூலைக் குறைக்கும் மரபணுவும் அருகருகே அமைந்துவிட்டால், தாயிடமிருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தே போகும். பாகப்பிரிவினை நடந்தால்தான் நல்லதை மட்டும் எடுக்கலாம்.

அந்தப் பிரிவினை இயற்கையிலேயே நடக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் மகரந்தமும் சூல்முட்டையும் உண்டாகும்போது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. இரண்டு மரபணுக்கள் தள்ளி இருந்தால் எளிதில் பிரியும். நெருங்கி இருந்தால் ஆயிரத்தில் ஒரு செடியில்தான் பிரியும். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்துப் பீ டீ நிலையத்தில் 1930களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்த்தும் தேர்ந்தெடுத்தும் வந்தார்கள். முடிவில் வலிமையும் மகசூலும் கூடிய பருத்திகள் கிடைத்தன. ஆகவே சுவர் உடையக் கூடியதே. எத்தனை காலம் பிடிக்கும் என்பதுதான் கேள்வி.

மரபணு வரைபடம் அந்தக் காலத்தைக் குறைக்கப் பார்க்கிறது. குரோமோசோமின் நெடுகிலும் ஆயிரக்கணக்கான அடையாள இடங்களை அறிவியலார் கண்டறிந்துள்ளனர். இவை நில அளவைக் கற்கள் போன்றவை. கல் விளைச்சல் தராது, ஆனால் வயல் எங்கே இருக்கிறது என்று காட்டும். நீள இழைச் செடியையும் குட்டை இழைச் செடியையும் ஒட்டுச் சேர்த்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில் சில நூறு செடிகளை வளர்க்கிறார்கள். ஒவ்வொரு செடியின் பஞ்சையும் அளக்கிறார்கள். அதே செடியின் இலையை எடுத்து எந்தெந்தக் கல் யாருடையது என்று பார்க்கிறார்கள். நீள இழை வந்த செடிகளிலெல்லாம் ஒரு குறிப்பிட்ட கல் நீள இழைத் தாத்தாவுடையதாகவே இருந்தால், அந்தக் கல்லின் பக்கத்தில்தான் நீளத்துக்கான மரபணு இருக்கிறது என்று பொருள்.

பருத்தியின் முதல் விரிவான வரைபடம் 1994ல் அமெரிக்காவில் வெளியாயிற்று. சீனாவின் நான்ஜிங் ஆய்வாளர்கள் 2003ல் இழை வலிமையில் பெரும் பங்கு வகிக்கும் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினர். 2015ல் அமெரிக்கப் பருத்தியின் மரபுத் தொகுதி முழுவதுமே படித்து வெளியிடப்பட்டது.

இதில் ஒரு விந்தை உண்டு. நம் கருங்கண்ணிப் பருத்தியில் 13 இணைக் குரோமோசோம்கள். கம்போடியா, எம்.சி.யு., சுவின் ஆகியவற்றில் 26 இணை. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னே, கருங்கண்ணிக்குப் பங்காளியான ஒரு பருத்தியும் அமெரிக்காவின் காட்டுச் செடி ஒன்றும் தாமாகக் கலந்து பிறந்த வம்சம் இது. அந்தக் காட்டுச் செடியில் நூற்கத் தகுந்த பஞ்சே கிடையாது. ஆனால் வரைபடம் போட்டுப் பார்த்தபோது, இழைத் தரத்தைத் தீர்மானிக்கும் இடங்களில் பெரும் பகுதி அந்தக் காட்டுச் செடி வழி வந்த பாதியில் இருப்பதாக 1998ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பஞ்சில்லாத பாட்டியின் சொத்தில்தான் பஞ்சின் தரம் ஒளிந்திருந்தது! வயலில் செடியைப் பார்த்து எந்த வளர்ப்பாளரும் இதை ஊகித்திருக்க முடியாது.

இலைத் துண்டு போதும்

வளர்ப்பாளருக்கு இதனால் என்ன லாபம்? இழையின் நீளத்தை அறியச் செடி வளர்ந்து, பூத்து, காய்த்து, வெடிக்க வேண்டும். பஞ்சைப் பிரித்து இயந்திரத்தில் அளக்க வேண்டும். மழை பெய்தால் ஓர் அளவு, காய்ந்தால் ஓர் அளவு. மண் தந்த குணம் எது, மரபு தந்த குணம் எது என்று பிரிப்பது கடினம். அடையாளம் தெரிந்துவிட்டால் நாற்றுப் பருவத்தில் ஓர் இலைத் துண்டு போதும். இலைக்குள் இருக்கும் மரபு வானிலையைப் பொறுத்து மாறுவதில்லை. ஆயிரம் நாற்றில் வேண்டாதவற்றை அன்றே களைந்து, வேண்டியதை மட்டும் நிலத்தில் வைக்கலாம். ஒரு ரகம் உருவாக எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும் வேலையில் சில ஆண்டுகள் மிச்சமாகும்.

இன்னொரு பயனும் உண்டு, அது நமக்கு மிக முக்கியம். சுவின் வகைப் பருத்தியையும் எம்.சி.யு. வகைப் பருத்தியையும் ஒட்டுச் சேர்த்தால் முதல் தலைமுறை அபாரமாக வளரும். 1972ல் கர்நாடகத்தின் வரலட்சுமி, பிறகு டி.சி.எச். 32, 1990ல் கோவையின் டி.சி.எச்.பி. 213 ஆகிய வீரிய ஒட்டுகள் இந்த உண்மையின் மேல் எழுந்தவை. ஆனால் அடுத்த தலைமுறையில் செடிகள் நலிந்து, மலடாகி, தாறுமாறாகப் போய்விடும். அதனால் ஒட்டு விதையை ஆண்டுதோறும் விலைக்கே வாங்க வேண்டியதாயிற்று. வரைபடம் கையில் இருந்தால், சுவினின் முழுச் சொத்தையும் கொண்டுவராமல், நீளத்துக்கும் வலிமைக்கும் உரிய சிறு துண்டுகளை மட்டும் எம்.சி.யு. வகைச் செடிக்குள் கொண்டுவர முயலலாம். அது கைகூடினால் விவசாயி தன் விதையைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளக் கூடிய ரகமாகவே நீள இழைப் பருத்தி அமையும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் கோவை மண்டல நிலையமும் பருத்தித் தர ஆய்வில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருபவை.

என்றாலும் நாளையே அற்புதம் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இழை நீளத்தை ஒரே மரபணு ஆள்வதில்லை. சிறு சிறு பங்குள்ள பல இடங்கள் இருக்கின்றன. ஓர் ஒட்டில் நன்றாக வழிகாட்டிய அடையாளம் வேறோர் ஒட்டில் ஏமாற்றுவதும் உண்டு. இலைத் துண்டுச் சோதனை வயல் சோதனைக்கு மாற்று அல்ல, அதற்குத் துணைதான். எனவே, ‘மரபணு சோதனை செய்த விதை’ என்ற வாசகத்தை மட்டும் நம்பி யாரும் கூடுதல் விலை கொடுத்துவிடக் கூடாது. எந்த ரகம், எத்தனை நாள், இழை எத்தனை மில்லிமீட்டர், பக்கத்து ஊரில் யார் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டறிவதே முறை.

தரத்துக்கு விலை எங்கே?

ரகம் வந்தாலும் விலை வர வேண்டும். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26 பருவத்தில் நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110 ரூபாய். நடுத்தரம் என்பது 24.5 முதல் 25.5 மில்லிமீட்டர் வரை. நீள இழை என்பது 29.5 முதல் 30.5 வரை. ஐந்து மில்லிமீட்டருக்கு 400 ரூபாய்தான் வித்தியாசம். இழை நீளத்தோடு மைக்ரோனேர் என்னும் நுண்மை அளவும் பார்க்கப்படுகிறது. நீள இழையில் அது 3.5 முதல் 4.3க்குள் இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் முற்றாத பஞ்சாக இருக்கலாம், மேலே போனால் முரட்டுப் பஞ்சு. ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் கழிவு உண்டு.

ஆலைகளோ மிக நீள இழைப் பருத்தியை எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வாங்குகின்றன. 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருத்திக்கு 2024 பிப்ரவரியில் இறக்குமதித் தீர்வையும் நீக்கப்பட்டது. உள்நாட்டில் போதிய அளவு விளையவில்லை என்பது காரணம். விளையாததற்குக் காரணம் கட்டுப்படியாகாதது. ஆத்தூர் விவசாயிக்கு இந்தச் சக்கரம் புதிதல்ல. ஆலையுடன் முன்கூட்டியே விலை பேசி, எழுத்தில் ஒப்பந்தம் பெறாமல் சுவின் போன்ற ரகத்தில் இறங்குவது சிறு விவசாயிக்கு உகந்ததல்ல. பத்துப் பேர் சேர்ந்து ஒரே ரகம் போட்டால்தான் ஆலைக்காரரும் பேச வருவார். ஒரு வண்டி பருத்திக்காக எவரும் தனியே ஜின்னிங் நடத்தமாட்டார்.

விதையில் உள்ளதை வயலில் இழக்க வேண்டாம்

மரபணு தருவது உச்சவரம்பு மட்டுமே. அதை எட்டுவதும் எட்டாததும் வயலில் இருக்கிறது. பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. விதையின் மேல்தோலிலிருந்து பூ மலரும் நாளில் முளைக்கிறது. அன்று வெளிர்நிறமாக இருக்கும் பூ மறுநாள் சிவக்கிறது. அதிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம் இழை நீளும். பிறகு ஐம்பது நாள் வரை அதன் சுவர் உள்ளே தடிக்கும். முதல் மூன்று வாரத்தில் வயல் காய்ந்தால் நீளம் போயிற்று. பின்னால் எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் அது திரும்ப வராது. அடுத்த கட்டத்தில் செடி வாடினாலோ, பூச்சி, நோயால் இலை கொட்டினாலோ பஞ்சு முற்றாமல் மைக்ரோனேர் இறங்கும். மாசியில் பூக்கும் பயிருக்கு ஒரு தண்ணீர்தான் கைவசம் என்றால் அதைப் பூ மிகுந்த நேரத்துக்கு ஒதுக்குவதே நல்லது.

சாம்பல் சத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இழை நீள்வதற்கு அதற்குள் நீர் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்துக்குப் பொட்டாஷ் வேண்டும். யூரியாவை மட்டும் அள்ளி வீசிய வயலில் செடி பச்சென்று நிற்கும், இழை குட்டையாக வரும். மண் பரிசோதனைப்படி பொட்டாஷ் இடுவது செலவல்ல.

எடுப்பை நன்கு வெடித்த காயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காலை பத்து, பதினோரு மணிக்குள் எடுத்தால் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டாது. எடுத்ததை நிழலில் உலர்த்த வேண்டும். கறை பட்டதையும் பூச்சி அரித்ததையும் அன்றே பிரித்துவிட வேண்டும். முதல் இரண்டு எடுப்பின் பருத்தி பொதுவாகத் தரமானது. கடைசி எடுப்பை அதோடு கலந்தால் மொத்தக் குவியலும் கடைசி எடுப்பின் விலைக்கே போகும். இரண்டு ரகங்களைக் கலப்பதும் அப்படியே. குவியல் எடை கூடலாம், ஆனால் ஆலைக்கு அது எந்த ரகமும் அல்ல.

உரச்சாக்கில் பருத்தியை அடைப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சாக்கின் பிளாஸ்டிக் இழை பஞ்சில் கலந்தால் நூற்பு முடிந்து சாயம் போடும்போதுதான் தெரியும், சாயம் ஏறாத கோடாக. பருத்தித் துணியாலான தாட்டு அல்லது பழைய வேட்டியே போதுமானது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு செல்லும் முன் ஈரப்பதம் பார்த்துக்கொள்ளலாம். பத்துப் பேராகச் சேர்ந்த குழுவாக இருந்தால், ஒரு மாதிரியைக் கோவையில் உள்ள பருத்தி பரிசோதனைக் கூடங்களில் ஒன்றில் கொடுத்து நீளம், வலிமை, மைக்ரோனேர் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது, ஏலத்தின்போது பேரம் பேச உதவும்.